எப்சிலானுக்கு ஏன் கோபம் வருவதில்லை?

நங்கநல்லூரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் பெண் இந்த வருடம் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்திருக்கிறாள். பாடத்தில் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவல் இருக்கிறது. மனிதர்களை ஐந்து தட்டாகப் பிரித்து வைத்திருக்கும் ஒரு உலகத்தின் கதை, அதில் அடிமட்டத் தட்டுக்குப் பெயர் எப்சிலான். போன வாரம் ஒருநாள் சாயங்காலம் மொட்டை மாடியில் நான் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, இந்த எப்சிலான் எல்லாம் ஏன் சும்மாவே இருக்காங்க? அத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தருக்குக்கூடக் கோவம் வரலையே, நம்பவே முடியலை" என்றாள். நல்ல கேள்வி. டிஸ்டோபியா என்று சொல்லும் இந்த வகைக் கதையை முதல்முறை படிக்கிற எல்லாருக்கும் வருவதுதான், இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் இந்த வகைக் கதைகள் மொத்தமும் பிடிபட்டுவிடும். அன்றைக்கு அவளிடம் சொன்னதை, அவசரத்தில் விட்டுப்போனதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

டிஸ்டோபியா என்ற சொல்லை எதிர்காலத்தில் உலகம் நாசமாகப் போவதைச் சொல்லும் கதை என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளம் வந்து ஊர் அழிவதும் வேற்றுக்கிரகவாசிகள் வந்து இறங்குவதும் வேறு வகை. டிஸ்டோபியாவில் உலகம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். சாலை சுத்தமாக இருக்கும், ரயில் நேரத்துக்கு வரும். யாரோ சிலர் உட்கார்ந்து யோசித்து, எல்லாருடைய நன்மைக்காகவும் என்று சொல்லி ஒரு ஏற்பாடு செய்திருப்பார்கள், அந்த ஏற்பாட்டுக்குள் மனுஷர் மூச்சுமுட்டி வாழ்வார். நம் ஊரில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' படித்தவர்களுக்கு இது புரியும். ஜீவாவின் ஆட்சியில் எல்லாம் ஒழுங்காக நடக்கும், ஆனால் ஒரு குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும்.

இப்படி ஒரு ஏற்பாடு என்று வந்துவிட்டால் அதற்குள் மேல், கீழ் என்று அடுக்கு வந்தே தீரும். யாரோ யோசிக்க வேண்டும், யாரோ சாக்கடை அள்ள வேண்டும். எச்.ஜி.வெல்ஸ் 1895இல் எழுதிய 'தி டைம் மெஷின்' நாவலில் கதாநாயகன் 8,02,701ஆம் ஆண்டுக்குப் போய் இறங்குகிறான். மேலே வெயிலில் எலாய் என்று ஒரு மெல்லிய இனம், விளையாடுகிறது, பழம் தின்கிறது. கீழே பூமிக்கடியில் மார்லாக் என்று இன்னொரு இனம் இயந்திரங்களோடு இருக்கிறது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இருந்த இடைவெளி காலப்போக்கில் இரண்டு இனமாகவே பிரிந்துபோயிருக்கும் என்று அவன் ஊகிக்கிறான். சுசான் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலில் நடுவில் கேபிடல் என்ற தலைநகர், சுற்றி 12 மாவட்டங்கள். மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலில் பெண்களின் தரத்தை உடையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், பிள்ளை பெறுபவளுக்குச் சிவப்பு, எஜமானன் மனைவிக்கு நீலம், சமையல் வேலை பார்ப்பவளுக்குப் பச்சை. எந்தக் கதையை எடுத்தாலும் முதலில் இதைக் கவனியுங்கள்: யார் எங்கே வசிக்கிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள். அடுக்கு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதே கிடையாது. கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம் என்றுதான் இந்த ஊர் ஆரம்பித்தது. கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஒரு மதிலைக் கட்டிவிட்டு, கட்டிய செலவை அங்கே குடியிருப்பவர்களிடமே வரியாக வாங்கலாம் என்று கம்பெனிக்காரர்கள் நினைத்தார்கள். மதில் போய்விட்டது, சென்ட்ரல் பக்கத்தில் வால்டாக்ஸ் ரோடு, அதாவது மதில்வரி ரோடு, என்ற பெயர் மட்டும் இருக்கிறது. கறுப்பர் நகரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் ஆனது.

சரி, அடுக்கு இருக்கிறது. அது குலையாமல் நிற்பது எதனால்? இங்கேதான் கதைகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன.

ஒரு வழி, மதிலும் தடியும். பீச்சிலிருந்து தாம்பரம் போகிற மின்சார ரயிலில் முதல் வகுப்புப் பெட்டி பாதி காலியாகப் போகும், பக்கத்துப் பெட்டியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருப்பவர் அதில் ஏறமாட்டார். டிடிஆர் பிடித்தால் அபராதம். ஏற ஆசை இருக்கிறது, பயம் தடுக்கிறது. இரண்டாவது வழி, பசி. 'ஹங்கர் கேம்ஸ்' கதையில் ஏழைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கூடுதல் தானியமும் எண்ணெயும் வேண்டும் என்றால், சாவு விளையாட்டுக்கான குலுக்கலில் தங்கள் பெயரை இன்னொரு தடவை எழுதிப் போட ஒப்புக்கொள்ள வேண்டும். எவ்வளவு பசியோ அவ்வளவு சீட்டு. இந்த இரண்டு வழியிலும் ஆட்சிக்கு ஒரு தொல்லை இருக்கிறது: கீழே இருப்பவனுக்குத் தான் கீழே இருப்பது தெரியும், வலிக்கும், ஒருநாள் திருப்பி அடிப்பான். மூன்றாவது வழியில் அந்தத் தொல்லை கிடையாது. கீழே இருப்பதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று அவனே நினைக்கும்படி சின்ன வயதிலிருந்து அவனைப் பழக்கிவிடுவது. ஆங்கிலத்தில் இதைத்தான் கண்டிஷனிங் என்கிறார்கள். தமிழில் பி.எட். படித்தவர்களுக்கு 'ஆக்கநிலையுறுத்தல்' என்று மனப்பாடம் செய்தது ஞாபகம் வரும். எனக்கு 'பழக்குதல்' என்ற சொல்லே போதும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் வீடுகளில் சொல்வதற்குள்ளேயே பாதி விஷயம் இருக்கிறது.

இந்தக் கருத்து ஹக்ஸ்லியின் மண்டைக்குள் மட்டும் பிறந்ததல்ல. ரஷ்யாவில் இவான் பாவ்லவ் நாய்களை வைத்துச் செய்த சோதனை பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே வந்துவிட்டது. ஒரு சத்தம், உடனே சாப்பாடு, இப்படியே பல நாள் செய்தால் கடைசியில் சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும். 1920இல் அமெரிக்காவில் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் இதையே ஒரு கைக்குழந்தையிடம் செய்தார்கள். குழந்தைக்கு முதலில் வெள்ளை எலியைக் கண்டு பயம் இல்லை. எலியைத் தொடப் போகும்போதெல்லாம் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். கொஞ்ச நாளில் எலியைப் பார்த்தாலே அழுதது, அப்புறம் முயலைப் பார்த்தும் அழுதது. படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. பன்னிரண்டு வருடம் கழித்து, 1932இல், ஹக்ஸ்லி நாவலை வெளியிடுகிறார். ஒரு குழந்தைக்குச் செய்ததை ஒரு உலகத்துக்கே செய்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்த நாவல்.

அந்த உலகத்தில் யாரும் தாய் வயிற்றில் பிறப்பதில்லை. கண்ணாடிப் பாட்டிலில் வளர்கிறார்கள். ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என்று ஐந்து தட்டு. அடித்தட்டுக்குப் போகிற கருவுக்கு ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்து மூளையையும் உடம்பையும் வளரவிடாமல் செய்கிறார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து 96 அச்சுப்பிசகாத ஆட்களை எடுக்கிறார்கள், ஒரு தொழிற்சாலைக்கு ஒரே முகம். நிலநடுக்கோட்டுப் பக்கம் வெயிலில் வேலை செய்யப் போகிறவர்களுக்குக் கரு நிலையிலேயே குளிர் என்றால் வேதனை என்று பழக்கிவிடுகிறார்கள், வளர்ந்த பிறகு வெக்கைதான் அவர்களுக்குச் சுகம். இதையெல்லாம் மாணவர்களுக்குச் சுற்றிக்காட்டும் இயக்குநர் ஒரு இடத்தில் சொல்வதன் சாரம் இது: செய்தே ஆக வேண்டிய வேலையை ஒருவனுக்குப் பிடிக்க வைத்துவிடுவதுதான் சந்தோஷத்தின் ரகசியம். நாவலின் உயிர்நாடியே இந்த இடம்தான் என்பது என் கருத்து.

அப்புறம் அந்த ரோஜாப் பூ காட்சி. எட்டு மாத டெல்டா குழந்தைகள், எல்லாருக்கும் காக்கி உடுப்பு. தரையில் ரோஜாப் பூக்கள் நிறைந்த கிண்ணங்களும், பளிச்சென்ற படங்கள் போட்ட புத்தகங்களும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். குழந்தைகளைத் திருப்பிவிட்டதும் மழலைச் சத்தத்தோடு தவழ்ந்து போய்ப் பூவைப் பிய்க்கின்றன, பக்கத்தைக் கசக்குகின்றன. எல்லாம் நன்றாகக் கையை வைத்த பிறகு செவிலி ஒரு விசையை அழுத்துகிறாள். வெடிச்சத்தம், சங்கு, மணி. குழந்தைகள் வீறிடுகின்றன. பிறகு இன்னொரு விசை, தரையில் மின்சாரம், சின்னக் கைகால்கள் இழுத்துக்கொள்கின்றன. நிறுத்திவிட்டு மறுபடி பூவையும் புத்தகத்தையும் பக்கத்தில் கொண்டுபோனால் குழந்தைகள் அலறிப் பின்வாங்குகின்றன. இதே மாதிரி 200 தடவை. அதற்குப் பிறகு புத்தகமும் பூவும் அவர்களுக்கு ஜென்மத்துக்கும் ஆகாது.

புத்தகத்தைத் தடுப்பது சரி, ஏழை படித்தால் கேள்வி கேட்பான். பூவை எதற்குத் தடுக்க வேண்டும்? நாவலில் ஒரு மாணவனே இதைக் கேட்கிறான். முன்னொரு காலத்தில் அடித்தட்டு மக்களுக்குப் பூவும் இயற்கையும் பிடிக்கும்படிதான் பழக்கியிருந்தார்களாம், ஊருக்கு வெளியே அடிக்கடி போவார்கள், வண்டிக் கட்டணம் கொடுப்பார்கள் என்ற கணக்கில். ஆனால் பூவைப் பார்க்கக் காசு வேண்டாமே. பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதால் எந்தத் தொழிற்சாலைக்கும் வேலை இல்லை. அதனால் இயற்கை மேல் இருக்கும் ஆசையை ஒழித்துவிட்டு, சாமான்கள் நிறைய தேவைப்படும் வெளியூர் விளையாட்டுகள் மேல் ஆசையை ஏற்றிவிட்டார்கள். கவனியுங்கள், இங்கே வில்லன் என்று யாரும் கொக்கரிக்கவில்லை. ஒரு வரவு செலவுக் கணக்கு அவ்வளவுதான், அதற்காக எட்டு மாதக் குழந்தைக்கு ரோஜாப் பூ விஷமாகிவிட்டது. எனக்கு மெரினாவில் போய் உட்கார்ந்திருப்பவர்கள் ஞாபகம்தான் வந்தது. ஒரு பைசா செலவில்லாமல் ஒரு நகரமே அனுபவிக்கிற அந்தக் காற்று அந்த உலகத்துக்கு எவ்வளவு பெரிய நஷ்டமாகப் படும்.

குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் தூக்கத்தில் பாடம். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய குரல் ராத்திரி முழுவதும் பேசிக்கொண்டே இருக்கும். பீட்டா பிள்ளைகளுக்கு வர்க்கப் பாடம் எப்படிப் போகிறது என்று நாவலில் கேட்கலாம். ஆல்ஃபா பிள்ளைகள் சாம்பல் நிற உடை, ரொம்பப் புத்திசாலிகள், ஆனால் பாவம் ரொம்ப உழைக்க வேண்டும், நல்லவேளை நான் பீட்டா. காமாக்கள் முட்டாள்கள், பச்சை உடை. டெல்டாக்களோடு விளையாடமாட்டேன். எப்சிலான்கள் இன்னும் மோசம். இதை வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் 120 முறை, 30 மாதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 46,000 தடவைக்கு மேல் வருகிறது. அதற்குப் பிறகு அது வெளியிலிருந்து வந்த வார்த்தையாகவே இருக்காது, அந்தப் பிள்ளையின் சொந்த எண்ணமாகிவிடும்.

பீட்டாவுக்கு என்ன சொல்லித்தருகிறார்கள் என்பதை இன்னொரு தடவை படியுங்கள். மேலே இருப்பவனைப் பார்த்துப் பொறாமை வரக்கூடாது, கீழே இருப்பவனைப் பார்த்து அருவருப்பு வர வேண்டும். இரண்டு பக்கமும் தைத்தாகிவிட்டது. இதைப் படித்ததும் நம் ஊர் வாசகருக்கு அம்பேத்கர் ஞாபகம் வராமல் போகாது. சாதி அமைப்பைப் படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்றார் அவர், மேலே போகப்போக மரியாதை ஏறும், கீழே இறங்க இறங்க இழிவு ஏறும். நடுவில் இருக்கும் ஒவ்வொருவனுக்கும் மிதிக்க ஒரு ஆள் கிடைப்பதால் யாரும் ஏணியை உடைக்கச் சேரமாட்டார்கள். ஹக்ஸ்லியே தன் ஐந்து தட்டுகளையும் வர்க்கம் என்று சொல்வதைவிட 'காஸ்ட்' என்ற சொல்லால்தான் நாவலில் குறிக்கிறார். அவர் 1925-26இல் இந்தியாவுக்கு வந்து சுற்றியவர்தான். வர்க்கத்தில் ஏறவும் இறங்கவும் பெயருக்காவது ஒரு வழி இருக்கிறது, பிறப்பிலேயே முடிவாகிவிட்டால் அது சாதி. டிஸ்டோபியாவில் வர்க்கம் என்று விமர்சகர்கள் எழுதுவதில் பெரும்பாலானது நமக்குச் சாதி என்று படுவதற்குக் காரணம் இதுதான், அப்படிப் படுவது சரியும்கூட.

இங்கே என் வீட்டு விஷயம் ஒன்று.

என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தம்ளர்கள் எல்லாவற்றிலும் அம்மா பெயர் வெட்டித்தான் கொடுத்தார். ஒரு தம்ளரில் மட்டும் பெயர் இல்லை. காபித்தூள் வாங்கியபோது இலவசமாக வந்தது, விளிம்பில் ஒரு நசுங்கல். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு அதில்தான் காபி. நான் அப்படி முடிவு செய்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. என் அம்மா வீட்டில் அப்படி ஒரு தம்ளர் சமையலறை ஜன்னல் திட்டில் கவிழ்ந்திருக்கும், இங்கேயும் ஜன்னல் திட்டில் ஒன்று கவிழ்ந்து உட்கார்ந்துவிட்டது. என் மகளுக்கு அப்போது நாலு வயது, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஒருநாள் கைக்கு எட்டியதை எடுத்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை. "இது அவங்க தம்ளர்" என்றாள்.

யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சங்கு ஊதவில்லை, தரையில் மின்சாரம் இல்லை, தலையணைக்கு அடியில் குரல் இல்லை. ஜன்னல் திட்டு மட்டும்தான். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, நாலு வருடம். ஹக்ஸ்லி எழுதியதில் எனக்கு நம்பமுடியாமல் இருந்ததெல்லாம் அன்றைக்கு நம்பும்படி ஆகிவிட்டது. அவர் இயந்திரம் வைத்துக் காட்டியது நமக்குக் கண்ணில் படுவதற்காக, வீடுகளில் இயந்திரம் தேவைப்படுவதே இல்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, ஆரம்ப வாசகர்கள் அநேகமாகத் தவறவிடுவது. பழக்கப்பட்டது அக்கா மட்டும் இல்லை, என் மகளும்தான், நானும்தான். மேலே இருப்பவர்கள் சுதந்திரமாக இருக்கிறார்கள், கீழே இருப்பவர்கள் மட்டும் பழக்கப்பட்டவர்கள் என்று நினைத்துப் படித்தால் இந்தக் கதைகளில் பாதி காணாமல் போய்விடும். 'பிரேவ் நியூ வேர்ல்ட்' உலகத்தில் சைப்ரஸ் தீவைக் காலி செய்து 22,000 ஆல்ஃபாக்களை மட்டும் குடியேற்றிய சோதனை ஒன்றைப் பற்றிச் சொல்வார்கள். எல்லாரும் அறிவாளிகள். கீழ்வேலை செய்ய யாருக்கும் மனம் வரவில்லை, ஆறு வருடத்துக்குள் உள்நாட்டுப் போர், 19,000 பேர் செத்த பிறகு மிச்சம் இருந்தவர்கள் தாங்களே வந்து எங்களை ஆளுங்கள் என்று கெஞ்சினார்கள். இதை அடுக்கு அவசியம் என்பதற்கான சாட்சியாக அந்த உலகத்தின் ஆட்சியாளர் சொல்கிறார். எனக்கு அது நேர்மாறாகத்தான் தெரிகிறது. தட்டு கழுவத் தெரியாதபடி, கழுவினால் கௌரவம் போய்விடும் என்று அவர்களைப் பழக்கியதே அந்த ஆட்சிதானே. கெடுத்து வைத்துவிட்டுக் கெட்டுப்போயிருக்கிறார்கள் பார் என்று காட்டுவது என்ன நியாயம்.

மூளைச்சலவையும் இதுவும் ஒன்றுதானே என்று மாடிப் பெண் கேட்டாள். ஒன்றில்லை. சலவை என்றாலே ஏற்கெனவே துணியில் ஏதோ இருக்கிறது, அதை அடித்துத் துவைத்து எடுக்க வேண்டும். ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலில் கடைசியில் நடப்பது அது. கதாநாயகன் வின்ஸ்டனுக்கு ஒரு சொந்த மனசு இருந்தது, அதைச் சித்திரவதை செய்து உடைக்கிறார்கள். பழக்குதல் மனசு உருவாவதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது, உடைக்க எதுவுமே மிச்சம் வைக்காது.

'1984' 1949இல் வந்தது, அதில் அடுக்கு வேறு மாதிரி. உச்சியில் இருக்கும் உள்கட்சி 2 சதவீதத்துக்கும் குறைவு, அதற்குக் கீழே வெளிக்கட்சி, பாக்கி 85 சதவீதம் 'ப்ரோல்' என்ற உழைக்கும் ஜனம். ஆச்சரியம் என்னவென்றால் இந்த 85 சதவீதத்தைக் கட்சி கண்டுகொள்வதே இல்லை. கண்காணிப்புத் திரைகூடப் பெரும்பாலும் அவர்கள் வீட்டில் கிடையாது. பீர், கால்பந்து, சினிமா, முக்கியமாக லாட்டரி, இவை போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இரவுபகலாகக் கண்காணிக்கப்படுவது நடுவில் இருக்கும் குமாஸ்தா வர்க்கம்தான். ஆக ஒரு நாவலைப் படிக்கும்போது யாரை ஆட்சி மெனக்கெட்டுப் பழக்குகிறது, யாரைச் சீந்தாமல் விடுகிறது என்று பாருங்கள், ஆட்சிக்கு யாரைக் கண்டு பயம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு இந்த வகையில் மிகவும் பிடித்தது, அதாவது மிகவும் வலித்தது, காசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ'. 2005இல் வந்தது. ஹெய்ல்ஷம் என்று ஒரு உறைவிடப் பள்ளி, பச்சைப் புல்வெளி, அன்பான ஆசிரியைகள், ஓவிய வகுப்பு. அங்கே படிக்கும் பிள்ளைகள் எல்லாம் உறுப்புகளை எடுப்பதற்காகவே உருவாக்கப்பட்ட நகல் மனிதர்கள். வளர்ந்ததும் ஒவ்வொரு உறுப்பாகக் கொடுத்து இளம் வயதிலேயே செத்துப்போவார்கள். சாவு என்ற சொல்லையே அவர்கள் சொல்வதில்லை, 'முடித்துவிட்டான்' என்பார்கள். இந்த விஷயம் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்றால், தெரியும். ஒரு ஆசிரியை ஆற்றாமையில் சொல்வதைப் போல, உங்களுக்குச் சொல்லியும் இருக்கிறது, சொல்லாமலும் இருக்கிறது. புரியாத வயதில் கொஞ்சம் கொஞ்சமாகக் காதில் போட்டுவிட்டார்கள், புரிகிற வயது வரும்போது அது பழைய செய்தியாகிவிட்டது.

இந்தக் கதையில் மதில் இல்லை, காவல் இல்லை. கதை சொல்லும் கேத்தி சொந்தமாகக் காரை ஓட்டிக்கொண்டு இங்கிலாந்து முழுக்கத் தனியாகச் சுற்றுகிறாள். காரை எங்கேயாவது திருப்பிவிட்டுப் போய்விடலாமே என்று நாம் பக்கத்துக்குப் பக்கம் தவிக்கிறோம், அவளுக்கு அந்த எண்ணமே எழுவதில்லை. அவளும் அவள் காதலனும் ஒரே ஒரு விஷயம்தான் கேட்கிறார்கள். உண்மையாகக் காதலிக்கும் ஜோடிக்கு மூன்று நாலு வருடம் தவணை கிடைக்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை எங்களுக்குத் தர முடியுமா என்று ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். எங்களைக் கொல்லாதீர்கள் என்று கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்கிறார்கள். பழக்கப்பட்ட மனசு எப்படி இருக்கும் என்பதை இதைவிடத் துல்லியமாக எழுதி நான் படித்ததில்லை. அது ஆசையை அடியோடு எடுத்துவிடாது, ஆசையின் அளவைக் குறைத்துவிடும். விரலுக்கேத்த வீக்கம் என்று நல்ல புத்தியாகச் சொல்வோமே, விரல் எவ்வளவு பெரியது என்று முடிவு செய்தவர் யார் என்று கேட்கமாட்டோம். எங்கள் வீட்டு அக்கா ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு முறைதான் தானாக வாய் திறந்து ஒன்று கேட்டார். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு. அதையும் நாலு நாள் தயங்கித்தான் கேட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகும் மாடிப் பெண் விடவில்லை. "அப்ப எப்சிலானுக்கு ஒண்ணுமே தோணாதா அக்கா? அவ்ளோதானா?" அவளுக்கு நான் காட்டியது நாலாவது அத்தியாயத்தில் வருகிற ஒரே ஒரு பத்தி. லிஃப்ட் இயக்கும் ஆள். எப்சிலான்களிலேயே கடைசித் தரம், கறுப்பு உடுப்பு, நாள் முழுவதும் லிஃப்டின் இருட்டுக்குள் மேலும் கீழும் போய்வருவதுதான் பிழைப்பு. மொட்டை மாடிக்கு வந்து கதவைத் திறக்கிறான், பிற்பகல் வெயில் திடீரென்று முகத்தில் விழுகிறது. திடுக்கிட்டுக் கண்ணைச் சிமிட்டுகிறான். "ஓ, மாடி" என்கிறான், தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி, பரவசத்தோடு. இறங்கிப் போகிறவர்களை ஒரு நாயின் எதிர்பார்ப்போடு பார்த்துச் சிரிக்கிறான். உடனே மணி அடிக்கிறது, ஒலிபெருக்கி, கீழே போ, 18ஆவது மாடி. கதவை அடைத்துக்கொண்டு மறுபடி இருட்டுக்குள் இறங்கிவிடுகிறான்.

கதைக்கு இந்த ஆள் தேவையே இல்லை, ஏறி இறங்குபவர்கள்தான் முக்கியப் பாத்திரங்கள், அவசரமாகப் படித்தால் அவனைக் கவனிக்காமலே போய்விடலாம். ஆனால் ஆக்சிஜனைக் குறைத்து, மூளையைக் குறுக்கி, ஆயிரக்கணக்கான ராத்திரி காதில் ஓதி, அதற்குப் பிறகும் வெயில் பட்டதும் அந்த ஆளுக்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொள்கிறதே. இந்தக் கதைகளில் இப்படி ஒரு கசிவு எங்கேயாவது இருக்கும், வின்ஸ்டன் ரகசியமாக வாங்கிய நோட்டுப் புத்தகம் மாதிரி. அதைத் தேடிப் படிக்கச் சொன்னேன். பெரும்பாலும் கசிவு கதாநாயகனிடம் நடக்கும், அதனால் எளிதில் தெரியும். இந்த மாதிரி ஓரத்தில் நிற்கும் ஆளிடம் நடக்கும்போது தேடத்தான் வேண்டும். கோபம் வருவதற்கு முன்னால் வேறு ஏதோ ஒன்று தேவைப்படுகிறது, வெயிலைப் பார்த்துவிட்டு மறுபடி இருட்டு எதற்கு என்று நினைக்க ஒரு நிமிஷமாவது வேண்டும். அந்த நிமிஷத்தைத்தான் மணி அடித்துப் பறித்துவிடுகிறார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.

தம்ளர் விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். மகள் அப்படிச் சொன்ன அன்றைக்கே அந்தத் தம்ளரை எடுத்துப் பழைய பாத்திரத்தோடு கட்டிப் பரண்மேல் போட்டேன். மறுநாள் காலையில் பெயர் வெட்டிய தம்ளர் ஒன்றில் காபி ஊற்றி மேடையில் வைத்தேன். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்தார், அதைப் பார்த்தார், எடுக்கவில்லை. ஜன்னல் திட்டைப் பார்த்தார், தொட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார், தட்டு அடுக்கியிருந்த கூடையைத் தூக்கிப் பார்த்தார்.

"என் தம்ளர் எங்கம்மா? நேத்து தேச்சுக் கவுத்துட்டுத்தானே போனேன்" என்றார். காபி ஆறிக்கொண்டிருந்தது. இதுதான் உங்களுக்கு என்று சொன்னேன். பெயர் வெட்டியிருந்த பக்கத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, தம்ளரைத் திருப்பி, பெயர் இல்லாத பக்கமாக வாயை வைத்துக் குடித்தார்.